கைபேசியில் அலைகாட்டி: எக்ஸ்பைஸ்-17 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தபோது நாற்பது பேருக்கு ஒரே ஒரு சி.ஆர்.ஓ., அதாவது மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டி, இருந்தது. அதன் குமிழ்களைத் திருப்பும் உரிமை ஆய்வக உதவியாளருக்கு மட்டும்தான். பச்சைக் கோடு வளைவதைத் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்ததோடு என் அலைகாட்டிப் படிப்பு முடிந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் எக்ஸ்பைஸ்-17 என்ற கருவியையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் போகிறேன். குமிழைத் திருப்புவது மாணவர்கள்தான்.

போகும் இடமெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். கருவியின் மேல் ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கும் முனைகளின் பெயர்களை இங்கே ஏ1, ஏ2, டபிள்யூஜி, எஸ்க்யூ1 என்று ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

மல்டிமீட்டர் இருக்கிறதே, அலைகாட்டி எதற்கு?

மல்டிமீட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் ஒரு விநாடிக்குள் எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதைச் சொல்லாது. பழைய 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் ரேடியோவை இணைத்தால் உறுமல் கேட்கிறது. மல்டிமீட்டரோ 12 வோல்ட் என்கிறது. அலைகாட்டியில் பார்த்தால் அந்த 12 வோல்ட்டின் மேல் விநாடிக்கு 100 முறை சிற்றலை ஓடுவது தெரியும். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி காய்ந்துவிட்டது என்று அப்போதே சொல்லிவிடலாம்.

இதை யார் செய்தார்கள்? கைபேசி என்ன வேலை செய்கிறது?

புதுடெல்லியில் உள்ள ஐயூஏசி என்னும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் உருவாக்கியது. வீட்டில் செய்யக்கூடிய கருவிகளைக் கொண்டு இயற்பியல் கற்பிப்பதே அத்திட்டத்தின் நோக்கம். வன்பொருள் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை. ஒரு துகள் முடுக்கி ஆய்வகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக இப்படி ஒன்றைச் செய்து, அதன் வரைபடத்தையும் மறைக்காமல் கொடுத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அளப்பது முழுக்கக் கருவியின் வேலை. உள்ளே இருக்கும் நுண்கட்டுப்படுத்தி மின்னழுத்தத்தை எண்களாக மாற்றி யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. கைபேசி அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. வரும் எண்களைப் படமாக வரைகிறது. ஆகவே விலை உயர்ந்த கைபேசியால் அளவின் துல்லியம் கூடாது. பழைய கைபேசியே போதும்.

எந்தக் கைபேசியிலும் வேலை செய்யுமா?

செயலி ஆண்ட்ராய்டுக்கானது. கைபேசியில் ஓடிஜி வசதி, அதாவது வேறு யூஎஸ்பி கருவிகளைக் கைபேசியில் செருகிப் பயன்படுத்தும் வசதி, இருக்க வேண்டும். அதைச் சோதிக்க எளிய வழி, ஓடிஜி இணைப்பானில் ஒரு பென் டிரைவைச் செருகுவது. கைபேசி பென் டிரைவைத் திறந்தால் கருவிக்கும் மின்சாரம் கொடுக்கும்.

சில கைபேசிகளில் ஓடிஜியை அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். சிறிது நேரம் ஒன்றும் செருகாமல் விட்டால் அது தானாக அணைந்தும் விடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

எல்லாம் இணைத்துவிட்டேன். கருவியின் விளக்கு எரிகிறது, ஆனால் செயலி கருவியைக் கண்டுபிடிக்கவில்லை. ஏன்?

விளக்கு எரிவதற்கு மின்சாரம் போதும்; தரவு போக வேறு இரண்டு கம்பிகள் வேண்டும். சார்ஜ் செய்வதற்கென்று மட்டும் வரும் யூஎஸ்பி கம்பிகளில் அந்த இரண்டும் இருப்பதில்லை. கம்பியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது அனுமதி. கருவியைச் செருகியதும் இந்தச் செயலி யூஎஸ்பி கருவியைப் பயன்படுத்தலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் செயலிக்குக் கதவு மூடியதுதான். கழற்றி மீண்டும் செருகினால் மறுபடி கேட்கும்.

சரி, செயலி திறந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஒரு சிறு கம்பித் துண்டை எடுத்து டபிள்யூஜி முனையையும், மின்னழுத்தத்தை அளக்கும் முனைகளில் ஒன்றான ஏ1-ஐயும் இணையுங்கள். டபிள்யூஜி என்பது கருவிக்குள்ளேயே இருக்கும் அலை உருவாக்கி. 5 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சைன் அலை தரும். அதிர்வெண்ணை 1000 ஹெர்ட்ஸ் என்றும் பெரும மதிப்பை 3 வோல்ட் என்றும் வையுங்கள். திரையில் ஏ1-ஐத் தேர்ந்தெடுத்தால் அலை வந்துவிடும்.

வந்ததும் அடுத்த சோதனைக்கு ஓடாதீர்கள். ஓர் அலை எத்தனை கட்டங்களை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணுங்கள். ஒரு கட்டம் 0.2 மில்லி விநாடி என்றால் ஐந்து கட்டங்கள், அதாவது 1 மில்லி விநாடி. 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு அதுதானே அலைவு நேரம்? உயரத்தையும் அளந்து பாருங்கள்: நடுக்கோட்டிலிருந்து முகடு வரை 3 வோல்ட், முகட்டிலிருந்து அகடு வரை 6 வோல்ட். விடை தெரிந்த ஓர் அலையை முதலில் அளந்து பழகியவருக்குத்தான் விடை தெரியாத அலையின் முன் நிற்கும் துணிவு வரும். என் வகுப்பில் முதல் அரை மணி நேரம் இதற்கு மட்டுமே.

ஒரே கம்பிதானே போட்டோம்? சுற்று முழுமையாக இரண்டு கம்பிகள் வேண்டாமா?

வேண்டும். இரண்டாவது கம்பி கருவிக்குள்ளேயே இருக்கிறது. டபிள்யூஜி, ஏ1 இரண்டுக்கும் கிரவுண்டு, அதாவது பூஜ்ய வோல்ட்டாகக் கொள்ளும் பொது முனை, ஒன்றுதான். வெளியே உள்ள ஒரு சுற்றை அளக்கும்போது அந்தச் சுற்றின் கிரவுண்டையும் கருவியின் கிரவுண்டையும் நீங்கள்தான் இணைக்க வேண்டும். அதை மறந்தால் திரையில் வருவது உங்கள் சுற்றின் அலை அல்ல.

அலை ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நிற்க வைப்பது எப்படி?

திருவிழாவில் சுற்றும் ராட்டினத்தைத் தோன்றும் நேரத்திலெல்லாம் படம் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் பெட்டிகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். சிவப்புப் பெட்டி உச்சிக்கு வரும்போது மட்டும் எடுத்தால் எல்லாப் படங்களும் ஒன்றுபோல் இருக்கும். ராட்டினம் நின்றுவிட்டதாகவே தோன்றும். டிரிகர் செய்வது அந்த வேலைதான். அலை குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்தைத் தாண்டும் கணத்திலிருந்து மட்டும் வரையச் சொல்கிறோம்.

டிரிகர் மட்டம் அலையின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். 3 வோல்ட் அலைக்கு 4 வோல்ட்டில் மட்டம் வைத்தால் சிவப்புப் பெட்டி உச்சிக்கு வருவதே இல்லை. எந்த வாயிலின் (அளக்கும் முனையின்) அலையைப் பார்த்து டிரிகர் ஆக வேண்டும் என்பதையும் சரிபாருங்கள். ஏ2-வில் அலையை வைத்துக்கொண்டு ஏ1-இல் டிரிகரைத் தேடுபவர்கள் நிறையப் பேர்.

எதையும் இணைக்கவில்லை. ஆனாலும் திரையில் ஓர் அலை ஆடுகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை. வெறும் கம்பியைச் செருகி வைத்திருக்கிறீர்கள், அது ஆன்டெனாவாகிவிட்டது. சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தின் மின்புலத்தை அது உணர்கிறது. அலைவு நேரத்தை எண்ணுங்கள்: 20 மில்லி விநாடி வரும். நம் நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்று புத்தகத்தில் படித்ததை மின் கம்பியைத் தொடாமலேயே அளந்துவிட்டீர்கள். கம்பியின் நுனியை விரலால் தொட்டால் அலை இன்னும் பெரிதாகும், உங்கள் உடலும் ஆன்டெனாவோடு சேர்ந்துகொள்வதால்.

ஏ1, ஏ2 முனைகளின் உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம். மெல்லிய அலைகளை அளக்கும் ஏ3 முனைக்கு 10 மெகா ஓம். இவ்வளவு உயர்ந்த மின்தடை இருப்பதால்தான் இத்தனை மெலிதான தூண்டலும் தெரிகிறது. ஏ1-ஐ கிரவுண்டோடு இணைத்துப் பாருங்கள், கோடு படுத்துவிடும். ஒருமுறை மின்கம்பங்களை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு களத்துமேட்டுக்கு மாணவர்களோடு போய்ப் பார்த்தேன். வகுப்பறையில் துள்ளிய அலை அங்கே ஏறத்தாழ நேர்கோடாகிவிட்டது. அன்று ஒரு பெண் கேட்டாள்: "அப்படியானால் வீட்டில் இது எப்போதும் நம்மைச் சுற்றி இருந்துகொண்டே இருக்கிறதா, ஐயா?" ஆமாம் என்றேன். அவள் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுப் பிளக்கில் நேரடியாக வைத்து 230 வோல்ட்டைப் பார்க்கலாமா?

கூடாது. ஒருபோதும் கூடாது. ஏ1, ஏ2 தாங்குவது ±16 வோல்ட். 230 வோல்ட் என்பது சராசரி வகையிலான ஓர் அளவு; அதன் பெரும மதிப்பு 325 வோல்ட், அதாவது எல்லையைப் போல இருபது மடங்கு.

மின்தடைகளை வைத்துப் பிரித்து 10 வோல்ட்டாக்கிக் கொடுத்தால் என்ன என்று அறிவாளிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆபத்து அளவில் மட்டும் இல்லை. கருவியின் கிரவுண்டு கைபேசியின் உலோகப் பாகத்தோடு இணைந்தது. பிளக்கில் கட்டத்தையும் (ஃபேஸ்) நடுநிலையையும் (நியூட்ரல்) மாற்றிப் போட்டிருந்தால், அல்லது ஒரு மின்தடை அறுந்தால், மின்சாரம் உங்கள் கையில் இருக்கும் கைபேசிக்கே வந்துவிடும். இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்கும் இதே விடைதான். ஆசிரியர் மேசையை விட்டு நகர்ந்திருக்கும்போது ஒரு மாணவன் இதைச் செய்து பார்த்துவிடுவானோ என்பதுதான் இந்தக் கருவியைப் பொறுத்து எனக்கு இருக்கும் ஒரே பயம். 50 ஹெர்ட்ஸைப் பார்க்கத்தான் ஆசை என்றால் முந்தைய விடையில் சொன்ன வெறும் கம்பி போதும்.

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ±16-க்குள் தானே வருகிறது? அதை வைக்கலாமே?

வராது. 12 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் பெரும மதிப்பு 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 17 வோல்ட். சுமை இல்லாத டிரான்ஸ்பார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் பெரும மதிப்பு 8.5 வோல்ட், அது சரி. முதன்மைச் சுருளின் இணைப்புகள் பெட்டிக்குள் மூடியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற முனைகளின் எல்லைகள் இன்னும் குறுகியவை. ஏ3 தாங்குவது ±3.3 வோல்ட் மட்டுமே.

பைக் பேட்டரியில் வைக்கலாமா?

வண்டி நிற்கும்போது வைக்கலாம். 12 முதல் 13 வோல்ட் வரை இருக்கும். என்ஜின் ஓடும்போது வேண்டாம். மின்பொறிச் சுருளும் ஹாரனும் உண்டாக்கும் துடிப்புகள் கண நேரத்தில் எல்லையைத் தாண்டிவிடும்.

கைபேசியைச் சார்ஜ் போட்டுக்கொண்டே பயன்படுத்தினால் என்ன?

பெரும்பாலான கைபேசிகளில் ஒரே துளைதான். அதில் கருவி இருப்பதால் இந்தக் கேள்வியே எழாது. இரண்டையும் இணைக்கும் பிரிப்பான்கள் கிடைக்கின்றன. ஆனாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. சார்ஜரின் உள்ளே இருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியே கசியும் மின்சாரம் உங்கள் அலையின் மேல் இரைச்சலாக ஏறும்.

பேட்டரியில் மட்டும் ஓடும் கைபேசிக்கு மேசைக் கணினியிடம் இல்லாத ஒரு நன்மை உண்டு. கணினியின் கிரவுண்டு மூன்றாவது முள் வழியாகப் பூமியோடு இணைந்திருக்கும்; கைபேசி எதனோடும் இணையாமல் தனித்து நிற்கிறது. சிறு அலைகளைப் பார்க்கும்போது இது பெரிய உதவி. இப்படித் தனித்து நிற்பது 230 வோல்ட்டில் கை வைக்க அனுமதி ஆகிவிடாது. அங்கே ஏற்கெனவே சொன்னதுதான்.

அலை தடிமனாக, படிப்படியாகத் தெரிகிறது. ஏன் வழவழப்பாக இல்லை?

நீங்கள் 16 வோல்ட் வரம்பை வைத்துக்கொண்டு மில்லி வோல்ட் அலையைப் பார்க்கிறீர்கள். கருவி 12 பிட் அளவில் அளக்கிறது. அதாவது வரம்பு முழுவதையும் 4096 படிகளாகப் பிரிக்கிறது. ±16 என்றால் மொத்தம் 32 வோல்ட்; ஒரு படி ஏறத்தாழ 8 மில்லி வோல்ட். 80 மில்லி வோல்ட் பெரும மதிப்புள்ள ஓர் அலை இருபது படிகளில் முடிந்துவிடும்.

வரம்பை 1 வோல்ட்டுக்கு மாற்றினால் ஒரு படி அரை மில்லி வோல்ட்டாகச் சுருங்கும். அலை திரையில் ஏறத்தாழ முழுவதும் நிறையும்படி வரம்பைத் தேர்ந்தெடுங்கள். அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரிந்தால் வரம்பு சிறிதாகிவிட்டது என்று பொருள். அதைவிடவும் மெல்லிய அலைக்கு ஏ3 இருக்கிறது. அதனோடு ஒரு மின்தடையை இணைத்துப் பெருக்கத்தைக் கூட்டலாம்.

எவ்வளவு அதிர்வெண் வரை பார்க்கலாம்?

அதிகபட்ச மாதிரி வேகம் விநாடிக்கு 10 லட்சம். கோட்பாட்டின்படி அதில் பாதி, 500 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு இரண்டே புள்ளிகளை வைத்து அதன் வடிவத்தை யாராலும் சொல்ல முடியாது. ஓர் அலைக்குப் பத்துப் புள்ளிகளாவது வேண்டும் என்று வைத்தால் 100 கிலோஹெர்ட்ஸ்; அங்கேயும் வடிவத்தை முழுக்க நம்ப மாட்டேன். ஒலி அதிர்வெண்களுக்கு, 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், மனம் நிறைந்து பயன்படுத்தலாம். எஃப்எம் ரேடியோ, வைஃபை போன்றவற்றை இதில் தேட வேண்டாம்.

சதுர அலை தரும் எஸ்க்யூ1-இல் 9,900 ஹெர்ட்ஸ் வைத்தேன். திரை 100 ஹெர்ட்ஸ் அலையைக் காட்டுகிறது. எது பொய்?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனை நான் மனமாரப் பாராட்டினேன். பொய் சொல்வது திரை. கைபேசியில் மின்விசிறியைக் காணொளி எடுத்துப் பாருங்கள்: வேகமாகச் சுற்றும் இறக்கை மெல்லச் சுற்றுவதுபோலவோ, பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே இறக்கை ஏறத்தாழ முழுச் சுற்றுப் போய்விடுவதால் சிறிது மட்டும் நகர்ந்ததாக நம் கண் நம்புகிறது.

கருவியிலும் அதுவே. திரையின் அகலம் 100 மில்லி விநாடி, அதில் 1000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10,000 மாதிரிகள்தான் எடுக்கப்படுகின்றன. 9,900-க்கும் 10,000-க்கும் உள்ள வேறுபாடு 100. அதுவே போலி அலையாக வந்து நிற்கிறது. முந்தைய விடையில் சொன்ன 10 லட்சம் என்பது உச்ச வேகம். நேர அளவை மெதுவாக்கும்போது மாதிரி வேகமும் இறங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போலியைக் கண்டுபிடிப்பது எளிது. நேர அளவை மாற்றுங்கள். உண்மை அலை விரியும் அல்லது சுருங்கும். கணக்கிட்டால் அதிர்வெண் அதேதான் வரும். போலி அலையின் அதிர்வெண்ணோ மாறிவிடும். அறியாத அலை ஒன்றைப் பார்க்கும்போது எப்போதும் மிக வேகமான நேர அளவில் தொடங்கி, படிப்படியாக மெதுவாக்குங்கள்.

எஸ்க்யூ1 தருவது சதுர அலைதானே. பக்கங்கள் சாய்ந்து தெரிகின்றனவே?

ஒரு புள்ளி 0 வோல்ட்டில், அடுத்த புள்ளி 5 வோல்ட்டில். இடையே என்ன நடந்தது என்று கருவிக்குத் தெரியாது. செயலி இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடுகிறது. அந்தச் சாய்வு இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான நேரம், அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் சதுர அலையில் அது கண்ணுக்கே தெரியாது. 100 கிலோஹெர்ட்ஸில் சதுரம் சரிவகமாகிவிடும்.

இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக 5 வோல்ட்டில் இணைத்தேன். நடுவில் 2.5 வர வேண்டும். மல்டிமீட்டர் 2.38 என்கிறது, ஏ1 1.67 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் தாம் அளந்ததைச் சரியாகவே சொல்கின்றன. நீங்கள் அளக்கும் செயலே சுற்றை மாற்றிவிட்டது. ஏ1-இன் 1 மெகா ஓம், கீழே உள்ள 1 மெகா ஓமுக்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்து அதை அரை மெகா ஓமாக்குகிறது. 5 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு 1.67. மல்டிமீட்டரின் மின்தடை 10 மெகா ஓம் என்பதால் அதன் பாதிப்பு குறைவு. ஏ3-இல் வைத்தால் மல்டிமீட்டரின் விடையே வரும்.

1 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து இதையே செய்து பாருங்கள். மூன்றும் 2.5 என்று சொல்லும். கருவி குற்றவாளியா, நம் சுற்று மெலிதானதா என்று தீர்மானிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மூன்று மின்தடைகள் தொடராக இருக்கின்றன. நடுவில் உள்ளதன் இரு முனைகளுக்கு இடையே அளப்பது எப்படி?

ஏ1-ஐ ஒரு முனையிலும் கிரவுண்டை மறு முனையிலும் வைக்காதீர்கள். சுற்றுக்குக் கருவியே மின்சாரம் கொடுக்கிறது என்றால், அதன் கிரவுண்டு ஏற்கெனவே கடைசி மின்தடையின் அடியில் இருக்கிறது. இன்னொரு கிரவுண்டு கம்பியை நடுவில் வைத்தால் கடைசி மின்தடை குறுக்கிணைப்பாகிவிடும். ஏ1-ஐ ஒரு முனையிலும் ஏ2-வை மறு முனையிலும் வைத்து இரண்டின் வேறுபாட்டைக் காணுங்கள்.

ஒலிபெருக்கியின் ஸ்பீக்கர் கம்பிகளுக்கும் இது பொருந்தும். இப்போதைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளுமே அலையைச் சுமப்பவை. ஒன்றுகூட கிரவுண்டு அல்ல. கறுப்புக் கம்பி என்பதால் அதில் கிரவுண்டை வைத்தால் ஆம்ப்ளிஃபயரின் ஐசி போய்விடக்கூடும்.

கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைப் போட்டோம். இரண்டு முகடுகள் வந்தன, இரண்டாவது பெரிது. இரண்டும் சமமாகத்தானே இருக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் காந்தம் உள்ளே போகும்போது ஒரு திசையிலும் வெளியே வரும்போது எதிர்த்திசையிலும் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று படிக்கிறோம். திரையில் ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே உள்ளது உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். காந்தம் விழுந்துகொண்டிருக்கிறது அல்லவா? வெளியே வரும்போது அதன் வேகம் கூடிவிட்டது. காந்தப் பாயம் விரைவாக மாறுவதால் மின்னழுத்தம் கூடுகிறது, நேரம் குறைகிறது.

அத்தோடு விடாதீர்கள். தரவைச் சேமித்து விரிதாளில் திறந்து இரண்டு முகடுகளின் பரப்பையும் கணக்கிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ சமமாக வரும். உள்ளே போன பாயம் எவ்வளவோ அவ்வளவுதான் வெளியே வந்திருக்கிறது. உயரம் வேறு, பரப்பு ஒன்று என்பதைத் தன் கையால் கூட்டிப் பார்த்த மாணவர் ஃபாரடே விதியை மறப்பதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: திரையின் அகலத்தை 200 மில்லி விநாடி அளவில் வைத்து, டிரிகரை முதல் முகட்டின் அடிவாரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் காந்தம் விழுந்த பின்தான் கருவி பார்க்கத் தொடங்கும்.

ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை அனுப்பும் செய்தியை இதில் படிக்கலாமா?

9,600 பாட் (விநாடிக்கு 9,600 பிட்) வேகத்தில் தாராளமாக. ஒரு பிட் 104 மைக்ரோ விநாடி நீளம். நூறு மாதிரிகள் கிடைக்கும். ஆங்கிலத்தின் பெரிய 'யூ' எழுத்தை இடைவெளி இல்லாமல் தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிட்டுகள் ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வருவதால், தொடக்க பிட், முடிவு பிட் இரண்டோடும் சேர்ந்து 4,800 ஹெர்ட்ஸ் சதுர அலையாகத் தெரியும். 1,15,200 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு எட்டு ஒன்பது மாதிரிகள்தான். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், நுணுக்கமாகப் படிக்க முடியாது.

நாம் சொல்லும் மின்னழுத்தத்தைத் தரும் பிவி1 முனையிலிருந்து சிறு மோட்டாரை ஓட்டலாமா?

முடியாது. அது தருவது சில மில்லி ஆம்பியர். மோட்டாருக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

தவறுதலாக அதிக மின்னழுத்தம் கொடுத்துவிட்டேன். கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது?

எல்லாக் கம்பிகளையும் கழற்றுங்கள். பிவி1-ஐ ஏ1-இல் இணைத்து −5 முதல் +5 வரை ஒவ்வொரு வோல்ட்டாக மாற்றிப் பாருங்கள். பிறகு ஏ2-வில். பிறகு பிவி1-ஐ ±3 வோல்ட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏ3-இல். கொடுத்த எண்ணும் காட்டும் எண்ணும் ஒத்துவந்தால் பிழைத்துவிட்டது. பாதியில் ஏறாமல் நின்றாலோ, எதைக் கொடுத்தாலும் ஒரே எண்ணைக் காட்டினாலோ அந்த வாயில் போய்விட்டது. மற்றவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். டபிள்யூஜியை முதல் நாள் சோதனை போல ஏ1-இல் பாருங்கள்.

இதைவிட வேகமானது வேண்டுமென்றால் எதை வாங்குவது?

என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கைபேசியில் எச்ஸ்கோப் செயலியோடு வேலை செய்யும் ஹான்டெக் 6022பிஇ, 20 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும், விநாடிக்கு 4.8 கோடி மாதிரிகள். ஆனால் அது 8 பிட், அதாவது 256 படிகளே. அலை உருவாக்கியோ உணரி முனைகளோ அதில் இல்லை. மின்னணுப் பழுது பார்ப்பவருக்கு அது; இயற்பியல் கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் எக்ஸ்பைஸ், அல்லது அதே குடும்பச் சாயல் கொண்ட திறந்த வன்பொருளான பாக்கெட் சயின்ஸ் லேப்.

எப்போதாவது ஒருமுறை வரும் துடிப்பு ஒன்றைத் தேடுகிறேன். மணிக்கணக்கில் பார்த்தும் கிடைக்கவில்லை. துடிப்பே இல்லை என்று முடிவு கட்டலாமா?

முடியாது. கருவி ஒரு திரை அளவுக்கு அளக்கிறது, யூஎஸ்பி வழியே அனுப்புகிறது, கைபேசி வரைகிறது. பிறகுதான் அடுத்த அளவு. அனுப்பும் நேரத்திலும் வரையும் நேரத்திலும் அது எதையும் பார்ப்பதில்லை. வேகமான நேர அளவில், பார்க்கும் நேரத்தைவிடப் பார்க்காத நேரமே அதிகம். உங்கள் துடிப்பு அந்த இடைவெளியில் வந்து போயிருக்கலாம். டிரிகரும் உதவாது, கருவி விழித்திருக்கும்போது மட்டுமே அது காத்திருப்பதால்.

துடிப்பைச் சிறிது நேரம் பிடித்து வைக்க வேண்டும். 1என்4148 போன்ற ஒரு வேகமான டயோடு வழியே அதை 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிக்குக் கொடுத்து, மின்தேக்கியை ஏ3-இல் இணையுங்கள். ஏற்றிய மின்னூட்டம் டயோடு வழியே திரும்பாது. ஏ3-இன் 10 மெகா ஓம் வழியே மட்டும் வடியும். 10 மெகா ஓமையும் 0.1 மைக்ரோ ஃபாரடையும் பெருக்கினால் 1 விநாடி. மைக்ரோ விநாடிகளில் மறைந்த துடிப்பு இப்போது விநாடிக் கணக்கில் நிற்கும். ஏ3-இன் 3.3 வோல்ட் எல்லையை மட்டும் நினைவில் வையுங்கள். துடிப்பு அதைத் தாண்டும் என்று தோன்றினால் ஏ1-இல் 1 மைக்ரோ ஃபாரடை வைத்தாலும் அதே 1 விநாடிதான். மெதுவான நேர அளவில் காத்திருங்கள். கோடு திடீரென ஏறி, மெல்ல வழிந்து இறங்கும். ஏறிய உயரத்தோடு டயோடு எடுத்துக்கொண்ட 0.6 வோல்ட்டைக் கூட்டினால் துடிப்பின் உயரம் கிடைக்கும். மின்தேக்கி முழுதாக ஏறும் முன் துடிப்பு முடிந்திருக்கலாம் என்பதால், உண்மை உயரம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாமே தவிரக் குறையாது.